வரப்புச் சண்டைக்குப் போகாத வருடம்

என் வீட்டுக்காரர் தியானம் கற்றுக்கொண்டதில் எங்கள் தெருவிலேயே சந்தோஷப்படாத ஆள் நான் ஒருத்திதான்.

முதலில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு தினமும் ரயிலில் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. மாத்திரையோடு மனதையும் கவனியுங்கள் என்று டாக்டர் சொன்னார். அலுவலக நண்பர் ஒருவர், விழுப்புரத்திலேயே நடக்கும் யோகா வகுப்புக்கு அவரை அழைத்துப் போனார். அதிலிருந்து விடிந்ததும் ஜமுக்காளத்தை விரித்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டு, பிறகு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நாளில் கொதிப்பு இறங்கியது. டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

கொதிப்போடு கோபமும் இறங்கிவிட்டது. அங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது.

அவருடைய கோபம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்திக்கொண்டுதான் வருவார். ரயில் தாமதம், மேலதிகாரி, தெருவில் தேங்கிய தண்ணீர், எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டம் உண்டு. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி நடத்தி ஏறிப்போன தொண்டை. பதிலுக்குப் பதில் கொடுத்து முடிக்கும்போது அன்றைக்கு அவருக்கு என்னென்ன நடந்தது என்பது முழுவதும் எனக்குத் தெரிந்துவிடும். இப்போதோ, ஆபீஸில் என்ன ஆயிற்று என்று கேட்டால் “பரவாயில்லை”. ரயிலில் கூட்டமா என்றால் “பரவாயில்லை”. ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் ரசம் வைத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு அந்த வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். வருகிற எண்ணங்களை வேடிக்கை பாருங்கள் என்றார், வகுப்பு நடத்துகிற அம்மா. எனக்கு இட்லி மாவும் திருத்த வேண்டிய விடைத்தாள்களும் வந்தன. ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பக்கத்தில் அவர் முகம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அது நிம்மதியா, தூக்கமா, வேறு எதுவுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தும் அந்த முகத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. முடிந்ததும் அந்த அம்மாவிடமே கேட்டேன்.

“இனிமே இவருக்குக் கோவமே வராதாங்க?”

“வரும்மா. ஆனா வந்து அப்பிடியே போயிடும், தங்காது.”

“போவும்போது வேற எதையாச்சும் சேத்து இழுத்துக்கினு போயிடாதுங்களே?”

அந்த அம்மா சிரித்தார். நான் கேலிக்குக் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மல்லாட்டை விதைப்பு வந்தது. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். ஓமந்தூரில் என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் பாகம் பிரித்த நிலம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு வரப்பு. ஊரிலேயே இருந்து பயிர் செய்யும் தம்பி, ஒவ்வொரு உழவுக்கும் அந்த வரப்பை எங்கள் பக்கமாகக் கொஞ்சம் சீவிவிடுவார். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்று ஊருக்கே கேட்கும்படி திட்டுவார். தம்பி மண்ணை அணைத்துப் பழையபடி வைப்பார். அப்புறம் இவர் தம்பி வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். வருடா வருடம் இதுதான்.

இந்த முறையும் சீவிவிட்டதாகச் செய்தி வந்தது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த இவர் கண்ணைத் திறந்து, “பரவாயில்லை, அவனும் நம்ம மண்ணுலதான வெள்ளாமை பண்றான்” என்றார். மறுபடி மூடிக்கொண்டார். இது பக்குவமா, பயமா, அல்லது எதுவுமே வேண்டாம் என்று ஆகிவிட்டதா? அப்பா அம்மா வைத்துவிட்டுப் போன மண்ணே பரவாயில்லை என்று ஆகிவிட்டால், நான் பரவாயில்லை என்று ஆவதற்கு எத்தனை நாள் ஆகும்? கொழுந்தனை நினைத்து எரிச்சல் வந்தது. இவரை நினைத்தால் பயம்தான் வந்தது.

விதைப்பு முடிந்த பிறகு, இவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா அண்ணி?”

“நல்லாத்தான் இருக்காரு. ஏன்?”

“ஒரு வார்த்தை கேக்க வரலியே. போன வருசத்தை விட அதிகமாவே வெட்டினேன். அப்பவும் வரலை. என்னைத் தலைமுழுகிட்டாரா? பேஜாரா இருக்குது அண்ணி.”

மீசை நரைத்த மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இவரை வற்புறுத்தி ஓமந்தூருக்குக் கூட்டிப் போனேன். வரப்பில் ஏறி நின்றார். எதிரே தம்பி, வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை திறந்தார்.

“திட்டணும்னுதான்டா நெனச்சிக்கினு வந்தேன். வர மாட்டேங்குது.”

சட்டைப் பையில் வீட்டுச் சாவியைத் தேடிக் காணாமல் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது அவர் முகம். அவரும் பயந்துதான் போயிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது, கத்த ஆரம்பித்துவிட்டேன். வரப்பை வெட்டியதற்குக் கொழுந்தனை, வாய் மூடி நின்றதற்கு இவரை, சம்பந்தமே இல்லாத டாக்டரை, எல்லோரையும் ஒரு பிடி பிடித்தேன். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கொழுந்தன் முகம் மலர்ந்து, “தப்புதான் அண்ணி, தப்புதான்” என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டி எடுக்க ஓடினார். மதியம் அவர் வீட்டில்தான் சாப்பாடு.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

“என்னாங்க, தெனமும் கண்ண மூடிக்கினு உக்கார்றீங்களே, நிம்மதியா இருக்குதா?”

பரவாயில்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். வண்டியின் வேகம் குறைந்தது.

“தெரியலடி. சில நாள் நல்லா இருக்குது. சில நாள் உள்ள போனா, ஆளே இல்லாத வூட்டுல தனியா உக்காந்துக்கினு இருக்கற மாதிரி இருக்குது.”

எத்தனையோ மாதம் கழித்து அவர் வாயிலிருந்து எனக்கென்று வந்த பேச்சு. அழுகை வந்துவிட்டது. காற்றில் அவருக்குத் தெரிந்திருக்காது.

“நாளையிலேர்ந்து என்னையும் எழுப்புங்க,” என்றேன். “ஆளே இல்லாத வூட்டுல நீங்க மட்டும் எதுக்கு ஒண்டியா?”

இப்போது காலையில் இரண்டு ஜமுக்காளம் விரிக்கிறோம். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நான் மூடுவதில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்குத் தியானம் என்று பெயரா என்று எனக்குத் தெரியாது.