பிள்ளையார் பையில் ஆகார்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சித்தியின் பிரசவத்துக்காக அம்மா பாளையங்கோட்டைக்குப் போனாள்.
2. எனக்கு முழுப்பரீட்சை லீவு. என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவும் லீவு போட்டார்.
3. அம்மாவின் வேதபாடக் காகிதங்களை ஒழுங்குபடுத்தி அவளை ஆச்சரியப்படுத்துவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.
4. ஒழுங்குபடுத்தினோம்.
5. அம்மா வந்தாள். ஆச்சரியப்பட்டாள்.

விஷயம் ஐந்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்பில் அப்போது இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு உதிரிபாக ஸ்டோரில் வேலை. அங்கே ஒரு வாஷருக்குக்கூட எண் உண்டு, அது இருக்கும் தட்டுக்கும் எண் உண்டு. வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். எண்களைப் பற்றி என்னிடம் பேசுவார். அம்மாவிடம் அவர் பேசியதாக எனக்கு ஞாபகமிருப்பவை சாவி, சாப்பாடு, கேஸ் சிலிண்டர்.

சனிக்கிழமை பிற்பகல்களில் அம்மா எங்கள் ஹாலில் பெண்களுக்கு வேதபாடம் நடத்துவாள். மற்ற நாட்களில் யார் வீட்டிலாவது நோய், சண்டை என்றால் போய் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வருவாள். அதற்கான காகிதங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. தினக்காலண்டர் தாள்களின் பின்புறம் எழுதிய குறிப்புகள், பத்திரிகைகளில் வெட்டியவை, கன்வென்ஷன் கூட்டங்களில் கொடுத்த துண்டுப்பிரசுரங்கள். எல்லாம் மஞ்சள் துணிப்பைகளில். மணமக்கள் பெயரை அச்சடித்து, தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கல்யாண வீட்டில் தருவார்களே, அந்தத் தாம்பூலப் பைகள்.

அப்பா ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். அதில் பிள்ளையார் படம் இருந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டியின் மகள் கல்யாணத்தில் கொடுத்தது. உள்ளே, வேதாகமத்தில் வரும் ஆகார் என்ற அடிமைப்பெண்ணைப் பற்றி அம்மா எழுதிய நான்கு தாள்கள்.

“பிள்ளையார் பையில ஆகார். ஒழுங்கில்லங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார் அப்பா. “ஏ பிள்ள, ஆகார் எதுல வரும்?”

“ஆதியாகமம், பதினாறு.”

“போடு, ஒண்ணாம் ஃபைல்ல.”

வேதாகமத்தின் அறுபத்தாறு புத்தகங்களையும் மூச்சுவிடாமல் வரிசையாகச் சொல்லி, ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். அந்த அறிவு முதன்முறையாக எதற்கோ பயன்பட்டது. எட்டு ஃபைல்கள். முதுகில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் லேபிள்கள். அவர் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தார். அதற்கு முன் அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை.

அம்மா ஊரிலிருந்து வந்ததும் லேபிள்களை விரலால் தடவிப் பார்த்தாள். “நல்லாருக்கு” என்றாள். பிறகு, “பையெல்லாம் எங்க?” என்றாள்.

“எல்லாம் தூசி. ஒண்ணு வெங்காயத்துக்கு. ஒண்ணுல ஷூ பாலிஷ். மிச்சம் ஸ்கூட்டர் டிக்கில.”

“பாலிஷ் எந்தப் பையில?”

அப்பாவுக்குத் தெரியவில்லை. பார்த்தபோது அது போதகர் மகனின் கல்யாணப் பை. அம்மா பைகளையெல்லாம் தேடிப் பொறுக்கி, துவைத்து, கொடியில் வரிசையாகக் காயப்போட்டாள். இத்தனை ஃபைல்களை விட்டுவிட்டு யாராவது காலிப் பைகளைத் தேடுவார்களா என்று யோசித்தபடி கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டி செய்யூர்ப் பக்கத்துக்காரர், டிரைவரின் மனைவி. எங்கள் சபை இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுவார், சனிக்கிழமை வந்து ஹாலில் ஓரமாக உட்காருவார். கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இன்னாக்கா, எம் பொண்ணு கல்யாணத்த தொவச்சிக் காயப் போட்டுகினு கீறீங்க?”

அம்மா சிரித்தாள்.

“சாயம் போவல பாரு. மாப்புளதான் பூட்டான்” என்றார் ஆன்ட்டி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “கைப்புள்ளயோட வந்து ஒரு மாசமாவுது. சோறும் துன்ன மாட்டேங்குது, பேசவும் மாட்டேங்குது. நாளிக்கி இட்டாறேன்கா. அது காதுல வுழறாமாரி எதுனா எடுத்து வை.”

அன்று சாயங்காலம் அம்மா எட்டு ஃபைல்களையும் தரையில் பரப்பினாள். எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் வேலை எனக்கு. கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தேன். நான் கொடுத்ததை அவள் பைகளுக்குள் திருப்பிப் போட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

“ஆகார் ஆதியாகமத்துக்குத்தானம்மா?”

“ஆகார் எதிர்வீட்டுக்கு.”

“அந்த வீட்ல பைபிளே கெடையாதே.”

“எனக்கு இப்படி வச்சாத்தான் கைக்குக் கிடைக்கும், பிள்ள.”

ஒழுங்கு அம்மாவுக்கு வராது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஆன்ட்டியின் மகள் கதவோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா பிள்ளையார் பையிலிருந்து தாள்களை எடுத்தாள். பிள்ளையோடு வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணையும், வனாந்தரத்தில் துருத்தியில், அந்தத் தோல்பையில், தண்ணீர் தீர்ந்துபோனதையும் சொன்னாள்.

“அப்பால? தண்ணி கெடச்சுதா?” என்று கேட்டாள் மகள்.

ஆன்ட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தண்ணீர் கிடைத்ததை அம்மா சொன்னாள். ஒரு நல்ல கதையின் நடுவில் எதற்கு அழுகை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பைகளும் கட்டிலுக்கடிக்குப் போன பிறகு கொடியில் ஒன்று மிச்சமிருந்தது. சாயம் வெளுத்த பை. அப்பாவின் பெயரும் அம்மாவின் பெயரும் போட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைக் கையில் எடுத்தார்.

“இதுல என்ன இருந்துச்சு?”

காலி செய்தவள் நான்தான். “அதுலதாம்ப்பா நெறைய. மத்ததெல்லாம் சேத்தாக்கூட அவ்வளவு வராது.”

“எதைப் பத்தி?”

“எல்லாம் ஒண்ணுதான். பொறுமை, வாய் பேசாம இருக்கிறது, காத்திருக்கிறது. நீதிமொழிகள் மட்டும் அரை ஃபைல் வந்துச்சே, மறந்துட்டீங்களா?”

அப்பா பையை மடித்தார். மறுபடி விரித்தார். அடுப்படி வாசலில் போய் நின்று, “இதுல ஒண்ணும் எடுத்து வைக்கலியா?” என்றார்.

“பொறவு பாத்துக்கிடலாம்” என்றாள் அம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு அப்பாவோடு ஸ்கூட்டரில் போவது நான். அன்று அவர் அந்தப் பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம், “நீ வாயேன்” என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள். என்னை ஆன்ட்டி வீட்டில் விட்டார்கள். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது பையில் ஒரு கட்டுக் கீரையும் நாலு முருங்கைக்காயும் இருந்தன. இதற்கு இரண்டு பேர், இவ்வளவு நேரமா என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான் போயிருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாக் காய்கறியும் வாங்கியிருப்போம்.

இப்போது நான் கேளம்பாக்கத்தில் இருக்கிறேன். தரவுகளை வகைப்படுத்துவது என் வேலை. அம்மாவின் பைகள் அம்மாவிடம் இருக்கின்றன, எண்ணிக்கை கூடியிருக்கிறது. எட்டு ஃபைல்களும் என் அலமாரியில். மற்றவை எல்லாம் அவரவர் வீட்டுப் பைகளுக்குப் போய்விட்டதால், அப்பா அம்மா பெயர் போட்ட அந்த ஒரு பையிலிருந்து வந்த தாள்கள் மட்டும் அவற்றில் இன்னும் இருக்கின்றன. பை அவர்கள் வீட்டு அடுப்படிக் கதவின் பின்னால் தொங்குகிறது. காய்கறி வாங்க இருவரும் அதைத்தான் எடுத்துப் போகிறார்கள்.