மத்தியானத்திலும் சத்தம் கேட்கணும்

டைப் அடிக்கும் வேலையில் விரல் வலியைவிட, சும்மா இருக்கும் விரலைப் பார்த்து முதலாளிக்கு வரும் வயிற்றெரிச்சல்தான் பெரிய தொல்லை. அதை அனுபவித்த சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இது. எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்களில், நெடுங்காட்டிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்காலில் ஒரு டைப்பிங் கடைக்குப் போய்வந்தேன்.

சும்மா அடி

வேலை இல்லாதபோது நான் புத்தகத்தை விரித்தால் முதலாளிக்குப் பொறுக்காது. பழைய செய்தித்தாளை முன்னால் வைத்து, "இதை அடிம்மா" என்பார். சாப்பாட்டு வேளையிலும் இதே கதை: வலது கை டிபன் டப்பாவில், இடது கை மிஷினில். யாருக்கும் வேண்டாத காகிதத்தை அடிப்பது எப்படி உழைப்பாகும் என்று, பொருளாதாரம் படித்த திமிரோடு கேட்டேன். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர நேரம் வேண்டும் என்றும் கேட்டேன்.

"மிஷின் சத்தம் தெருவுக்குக் கேக்கணும்மா. நின்னா, கடைய மூடிட்டான்னு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க."

சொல்தாவின் பென்ஷன்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா, ஒருவர் பென்ஷன் கடிதம் அடிக்க உச்சி வெயிலில் வந்தார். தயிர்சாதமும் கையுமாக, இடது கையாலேயே அவர் பெயரில் பாதியை அடித்துவிட்டேன். மனிதர் காகிதத்தை மிஷினிலிருந்து உருவி மடித்துக்கொண்டார். முதலாளி பதறி எழுந்தார். சொல்தா அவர் பக்கம் திரும்பினார்:

"உச்சி வேளையில மனுஷன் வேலை செய்வானாய்யா? பொண்ணு சாப்பிட்டுத் தூங்கி எந்திரிக்கட்டும். அரைத் தூக்கத்துல என் பேரைத் தப்பா அடிச்சா, என் பென்ஷன் எவனுக்கோ போயிடும்!"

நானே அடிக்கிறேன்

அந்தத் தெம்பில் மறுநாள் மத்தியானம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி, சும்மா அடிக்க மாட்டேன் என்றேன். "போம்மா, நானே அடிக்கிறேன்" என்று முதலாளி மிஷின் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் டொக்... டொக்... தெருவுக்குக் கேட்டதோ என்னவோ, அவருக்கே அது தாலாட்டாகி மிஷின்மேல் சாய்ந்துவிட்டார்.

அப்போது கோட்டுச்சேரியில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, கடிதம் அடிக்க உள்ளே வந்தார். எழுப்பப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒருநாளும் கிடைக்காத பரிவோடு சொன்னார்: "பாவம், உழைச்சு ஓஞ்ச மனுஷன். தூங்கட்டும், நான் வெயில் தாழ வர்றேன்."

மிஷின் சூடு

எழுந்தவரின் கன்னத்தில் விசைகள் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தன. எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அவர் மிஷினைத் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்பச் சூடாகுதும்மா. இனிமே மத்தியானத்துல அதுக்கு ஓய்வு குடுத்துடுவோம்."

அத்தனை வாதாடியும் மனுஷிக்குக் கிடைக்காத ஓய்வு மிஷினுக்குக் கிடைத்தது. அதற்குத் துணையாகத்தான் நானும் தூங்கினேன்.