தவிட்டுச் சாக்கின் மேல் ஒரு ஷூ

புது ஷூவைப் போட்டுப் பார்க்க வாசலில் தவிட்டுச் சாக்கு விரித்ததுண்டா நீங்கள்? நான் இன்று காலை விரித்தேன். ஷூவைத் திருப்பி அனுப்ப இன்றுதான் கடைசி நாள்; எதற்கும் இருக்கட்டும் என்று ரிட்டர்ன் பதிந்து வைத்திருந்தேன், எடுக்க ஆள் வருவார். அடியில் துளி அழுக்கு இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்குள் டைல்ஸ் தரை பளபளவென்றுதான் கிடக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் புதுசோ பழசோ, செருப்பு செருப்புதான்.

"டப்பால இருந்து இப்பத்தான் எடுத்தனுங்கம்மா, மண்ணே படல."

"படாட்டி என்ன? ஊட்டுக்குள்ள அதோட கால் வெச்சீன்னா, மாட்டுச்சாளைலயே குடியிருந்துக்க."

வாசலிலோ அம்மா அப்போதுதான் சாணி தெளித்திருந்தாள். அதனால்தான் சாக்கு.

ஷூ அப்படி ஒரு ஷூ. பழைய காலத்துக் கூடைப்பந்துக்காரர்கள் போடுவது மாதிரி கணுக்காலுக்கு மேல் ஏறும். கிரீம் நிறக் கேன்வாஸ், வெள்ளை ரப்பர் மூக்கு, அடியைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு. ஜீன்ஸை ஒரு மடிப்பு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால், என் காலா இது என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் அடி தோசைக்கல் மாதிரி தட்டை. குதிகாலில் மெத்தை என்ற பேச்சே கிடையாது. சுண்டுவிரல், காலை நேரப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறியவன் போல நசுங்கிக் கிடந்தது. கண் வைத்துக்கொள் என்றது, விரல் அனுப்பு என்றது.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த அப்பா வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

"என்றா இது, மாப்பிள்ளை அழைப்பா? நடைபாவாடை விரிச்சு நடக்கறே?"

"வெச்சுக்கறதா, அனுப்பறதான்னு பாக்கறனுங்கப்பா. லேசா கடிக்குதுங்க."

"அப்ப அனுப்பீரு. காலென்ன வாடகைக்கா எடுத்துட்டு வந்தே?"

சரி, அனுப்பிவிடலாம் என்று கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். கணுக்கால் வரை கண்ணிகள், உச்சியில் ரெட்டை முடிச்சு. அதற்குள் கன்றுக்குட்டி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடியது. லாரிகள் பறக்கிற ரோடு.

"புடிடா அதைய!" அம்மா கத்தினாள்.

செருப்பென்றால் உதறிவிட்டு ஓடியிருப்பேன். இதை எங்கே உதறுவது? அப்படியே ஓடினேன். சாணி, சேறு, தென்னை மட்டை. வாய்க்காலைத் தாண்டியபோது கரை சரிந்தது. கால் மடங்கியிருக்க வேண்டும், மடங்கவில்லை. கணுக்காலை யாரோ இரண்டு கையாலும் பிடித்திருந்த மாதிரி இருந்தது. ரோட்டோரத்தில் எட்டிக் கன்றின் கயிற்றை மிதித்தேன். அந்தத் தோசைக்கல் அடி கயிற்றை மண்ணோடு அமுக்கியது. கன்று நின்றது.

திரும்பி வந்து பார்த்தால் சிவப்புக் கோட்டையே காணோம். எல்லாம் பச்சை, பழுப்பு. அப்போதும் அழகாகத்தான் இருந்தது, சத்தியமாக.

அம்மா கன்றை வாங்கிக் கட்டிவிட்டு என் காலைப் பார்த்தாள். "நல்ல செருப்புத்தான், ஒத்துக்கறேன். ஊட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்."

போன் அடித்தது, ஷூவை எடுக்க வந்த மலையாளி. "சேட்டா, ரிட்டர்ன் எடுக்கான் வந்நதா."

"கேன்சல், சேட்டா."

சுண்டுவிரலில் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன். ஷூ சாக்கின் மேல் காய்கிறது.