வெலிமடை மண்ணுக்கு வந்த விலை

காலை ஆறரைக்குப் பதுளையிலிருந்து வெலிமடை பஸ். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு ஏறினேன். டிக்கட் நூற்று நாற்பது ரூபாய். அக்கா வீட்டில் உருளைக்கிழங்கு நடவு. வருஷா வருஷம் கைகொடுக்கப் போவேன்.

ஹாலிஎல தாண்டித் தேயிலை மலைகள், மேலே போகப்போக மரக்கறிக் காணிகள். முன்பெல்லாம் இந்தப் பாதையில் கிழங்கு லொறிகள் வரிசையாக இறங்கும். பஸ் ஒதுங்கி வழிவிடும். ஈரமண் வாசம் ஜன்னலில் வரும். அந்த வாசத்துக்காகவே நான் ஜன்னலோரம் உட்காருவேன்.

எட்டரைக்கு வெலிமடை. "லொறிகளைக் காணோமே தம்பி?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"இருக்குண்ணே. இப்ப கீழேயிருந்து மேலே வருது. கப்பல் கிழங்கு!" என்று சிரித்தார்.

அக்கா வீட்டு வாசலில் ட்ரக்டர் நின்றது. ஒரு வியாபாரியின் ஆள் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் கேட்டது கிழங்கை அல்ல, மண்ணை. கப்பலில் வருகிற வெளிநாட்டுக் கிழங்கில் இந்தச் செம்மண்ணைப் பூசினால் வெலிமடைக் கிழங்கென்று நல்ல விலைக்குப் போகுமாம்.

"கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் போடுற மாதிரிதாங்க" என்றான்.

மச்சான் சிரிக்கவில்லை. போன போகம் அவர் கிழங்கு தோண்டும் நேரம் பார்த்துக் கப்பல் கிழங்கு வந்து இறங்கி, விலை விழுந்துபோனது. இப்போது பாதிக் காணிக்குத்தான் விதை இருந்தது. மண்ணை விற்றால் அந்தக் காசில் மீதி விதையை வாங்கலாம்.

"என் கிழங்கைக் கேட்க ஆளில்ல. மண்ணைக் கேட்டு வீடு தேடி வர்றாங்க" என்றார்.

அக்கா மண்வெட்டியோடு வந்தாள். "மேல்மண்ணைக் குடுத்துட்டு விதையை எங்க நடுவீங்க? என் தலையிலயா?"

நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். வாசலில் ரோஜாச்செடி நிற்கிற மண்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். இந்த அரை ஏக்கரை வாங்கிய அன்று மச்சான் ஒரு சிட்டிகை மண்ணெடுத்து விபூதி மாதிரி எங்கள் எல்லார் நெற்றியிலும் பூசினார். அக்காவின் மாமியார் அன்று முழுக்க முகம் கழுவவில்லை. அது எனக்கு ஞாபகம் வந்தது. மச்சானுக்கும் வந்திருக்க வேண்டும்.

"வேற இடம் பாருங்க தம்பி" என்றார்.

"பக்கத்துல தர்றாங்க" என்றான் அவன். ட்ரக்டர் அடுத்த காணிக்குத் திரும்பியது.

முருகனைக் கும்பிட்டு, இருந்த விதையை நட்டோம்.

நாலு மணி பஸ்ஸிலிருந்து பார்த்தேன். காணியில் பாதி பாத்தி கட்டியிருந்தது, பாதி சும்மா கிடந்தது. மனசு கனத்தது. ஆனால் பதுளைக்குத் திரும்பி எங்கள் லயத்து வாசலுக்கு வந்தபோது தோன்றியது: பாதி சும்மா கிடக்கிறதே என்று கவலைப்படுவதற்கும் ஒரு காணி வேண்டும். அக்காவுக்கு அது இன்னும் இருக்கிறது.