மேசைக்கு இந்தப் பக்கம்

தருமபுரியில் நானும் கணவரும் போய்ப் பார்த்த மனநல ஆலோசகர் தலை நரைத்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரமாட்டார். நாற்காலியை எங்கள் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு எதப் பேசலாம், நீங்களே சொல்லுங்க" என்பார்.

மூன்றாம் முறை, பெங்களூரில் வேலை செய்யும் கணவர் வரவில்லை. தனியாகப் போய், "அவர எப்படிங்க மாத்தறது?" என்று கேட்டேன்.

"அவரு இல்லாம நாம முடிவு பண்ண வேண்டாங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"வூட்டுக்கு வந்தா எங்கிட்டப் பேசணுங்க."

"இத அவருகிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

பதினோரு வருடத்தில் சொன்னதே இல்லை. பாலக்கோடு பஸ்ஸில் ஏறியதும் கணவருக்கு போன் செய்து சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஊர் வரும்வரை போனை வைக்கவும் இல்லை.

மறுமுறை போனபோது ஆலோசகர் மாற்றலாகிப் போயிருந்தார். கணவர் போனை வைக்காததை அவரிடம் சொல்ல இன்றும் மனம் ஏங்குகிறது.