அட்டையில் இருந்த வேறு பெயர்

சாக்ஸபோனை நான் முதன்முதலில் பார்த்தது கேழ்வரகு மூட்டைகளுக்கு நடுவில். ஆலங்காயத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில், சாமான் அறையைப் பெருக்கும் முறை அன்று எனக்கு. வெளிநாட்டிலிருந்து யாரோ தேவாலயத்துக்குக் கொடுத்தனுப்பியதை, வாசிக்க ஆளில்லாமல் அங்கே போட்டுவைத்திருந்தார்கள். எந்தக் கட்டையை எந்த விரலால் அழுத்துவது என்று படம் போட்ட புத்தகமும் பெட்டிக்குள் இருந்தது. மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து படிக்க வந்தவள் நான்; அப்போது எட்டாம் வகுப்பு. படத்தைப் பார்த்துப் பார்த்து ஊதினேன். பல் பட்டு உதட்டின் உட்புறம் புண்ணாகி, மூன்று மாதம் காரம் சாப்பிட முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊத வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால் சிஸ்டர்கள் என்னைத் தடுக்கவில்லை. திறமையைக் கண்டு யாரும் நெகிழ்ந்துவிடவில்லை.

ஆசிரியர் பயிற்சிக்காக மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சர்ச் விழாவில் நான் ஊதியதைக் கேட்டு, பெரிய ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் குழு நடத்திய பியானோக்காரர் கூப்பிட்டார். அவருடைய சாக்ஸபோன்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிவிட்டிருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. பயிற்சியைப் பாதியில் விட்டேன். ஜாஸில் மெட்டை ஒருமுறை ஊதிவிட்டு, பிறகு தாளில் எழுதாததை மனம் போன போக்கில் ஊத வேண்டும். உன் இஷ்டத்துக்குச் செய் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதற்காகவே ஆறு வருடம் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆண்கள் கோட்டு போட்டு முன்னால் இருப்பார்கள். புடவை கட்டிய கறுத்த பெண் ஊதினால் ஆடுகிறவர்களுக்குக் கவனம் சிதறுமாம். "ஆம்பள ஊதற மாதிரியே இருக்கு" என்று பாராட்டுவார்கள். நானும் சிரித்து வைப்பேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் அதிகம் உறுத்துகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் குழு ஓர் இசைத்தட்டு போட்டது. அதில் ஒரு பாட்டு என்னுடையது. மலைக்காற்று, அருவி என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். பசியோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது தோன்றிய மெட்டு. அட்டை அச்சாகி வந்தது. படத்தில், நான் ஊதிய சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு பியானோக்காரரின் மைத்துனர் நின்றார். கீழே பெயரும் அவருடையதுதான்.

"அவருக்கு ஊதவே தெரியாதே சார்," என்றேன் பியானோக்காரரிடம்.

"பொம்பள பேரப் போட்டா கடைக்காரன் வெளாட்டுன்னு நெனைப்பான். அடுத்த தட்டுல பாக்கலாம்மா."

ஒரு தட்டை வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டால் போதும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. இரண்டு மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் பேட்டரியில் ஓடும் ரெக்கார்டு பெட்டி இருந்தது. அம்மா புளி தட்டுவதைப் போட்டுவிட்டு நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். பாட்டு ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"என் பொண்ணு ஊதறதுங்க," என்று வாத்தியாரிடம் சொன்னாள்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல வேற ஆம்பள பேருல்ல போட்டுக்குது?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. படித்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் அம்மா கேட்டாள்: "ஊதனது அந்த ஆளுன்னா, இத்தினி வருசமா ஓட்டல்ல நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"நான்தாம்மா ஊதனேன். பேர மாத்திப் போட்டுட்டாங்க."

"அச்சடிச்சதுல பொய் போடுவாங்களா?"

ஊதிக் காட்டலாம் என்றால் சாக்ஸபோன் குழுவுடையது. ஹோட்டல் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஓட்டல் என்று அவள் சொன்னபோது குரலில் இருந்த சந்தேகம் எனக்கு நன்றாகவே புரிந்தது. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மெட்ராஸில், என் பெயரைப் போட்டால்தான் ஊதுவேன் என்றேன். பியானோக்காரர் கதவைக் காட்டினார். வேறு ஹோட்டல்களில் டிஸ்கோ வந்துவிட்டதால் குழுக்களையே கலைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், வாணியம்பாடியில் கல்யாண பேண்டு வைத்திருந்த பாயிடம் போய் நின்றேன்.

"ஊத வருமாம்மா?"

"வரும்ங்க."

"நாளைக்கு வந்துடு."

வேறெதுவும் கேட்காமல் எனக்கு வேலை கொடுத்த ஒரே மனிதர் அவர்தான். சிவப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான், சினிமாப் பாட்டு. இஷ்டத்துக்கு ஊதும் பேச்சே அங்கே இல்லை.

ஒரு மாசி மாதம் ஆலங்காயம் கடைத்தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம். புளி விற்க மலையிறங்கி வந்த அம்மா ஓரமாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு இரண்டு பக்கமும் நடந்த ஆண்களைப் பார்த்தாள். நான் சினிமாப் பாட்டை விட்டு விலகி என் மெட்டை ஊதினேன். டிரம்காரர் முறைத்தார். அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டாள்.

ஊதுகிறவள் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் எதுவும் சரியாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியனுப்பினாள்: "தெருவுல ஆம்பளைங்களோட ஊதறத வுட்டுட்டு வூட்டுக்கு வரச் சொல்லு." நான் விடவில்லை, போகவும் இல்லை. மூன்றாம் வருடம் செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஊதப் போயிருந்தபோது அவள் செத்துப்போனாள். செய்தி கிடைத்து மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டிருந்தார்கள்.