ஓரகத்தியின் காற்று

தீவின் கிழக்குக் கரையில் அண்ணன் தம்பி இருவர் ஒரு டைவிங் கடை நடத்தினார்கள். அண்ணன் படகு ஓட்டுவான். தம்பி கடைக்குப் பின்னால் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டி சிலிண்டர்களில் காற்று நிரப்புவான். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது அண்ணன் மனைவியின் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவள் பெரியவள். முன்பு அவள் கணவன்தான் இறங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காதுச் சவ்வு கிழிந்து, இனித் தண்ணீருக்குள் தலையை விடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்த வேலையைப் பெரியவள் எடுத்துக்கொண்டாள்.

கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடலுக்கடியில் ஒரு சுவர் இருந்தது. பவளத் திட்டு ஒன்று நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று முடிந்துவிடும். அங்கிருந்து செங்குத்தாக இறக்கம். நீலம் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே போகும். அடியை யாரும் பார்த்ததில்லை. ஆள் உயர விசிறிப் பவளங்களும், பொந்துக்குப் பொந்து தலையை நீட்டும் விலாங்குகளுமாக அது ஒரு தனி உலகம். அந்தச் சுவரைப் பார்க்கத்தான் விருந்தாளிகள் வந்தார்கள். அதை அவர்களுக்குக் காட்டுகிறவள் என்பதில் பெரியவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்துக்கு ஆபத்து ஓரகத்தி வடிவத்தில் வந்தது.

தம்பிக்குக் கல்யாணமானது. வந்த சின்னவள் பக்கத்துத் தீவில் முறையாகப் பயிற்சி எடுத்து, சான்றிதழும் கையுமாக வந்தவள். கூடுதலாக ஒரு வழிகாட்டி கிடைத்தாள் என்று அண்ணனும் தம்பியும் குதித்தார்கள். பெரியவளும் நல்ல பெண் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரே படகு, ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒத்தாசையாக இருக்கும்.

சரியாக இறங்குகிறாளா என்று முதல் சில வாரம் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் ஒன்று கண்ணை உறுத்தியது. சுவரைச் சுற்றிவிட்டு மேலே வரும்போது சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் பெரியவளின் மீட்டரில் முள் சிவப்பை நெருங்கிவிட்டிருந்தது. சின்னவளின் முள் பாதியில் சாவகாசமாக நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் ஏறியவர்கள். 'இவள் மூச்சே விடமாட்டாளா?' என்று பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து படகில் ஏறியதும் தன் மீட்டரைப் பார்க்கும் முன் சின்னவளின் மீட்டரை ஓரக்கண்ணால் பார்ப்பது வழக்கமாகிப்போனது.

விருந்தாளிகளும் சும்மா இருக்கவில்லை. "அந்தச் சின்ன அக்கா நாளைக்கும் வருவாங்களா?" என்று கேட்பார்கள். "வருவா, வருவா" என்று சொல்லும்போது பெரியவளின் பல் நறநறவென்னும்.

ஒருமுறை பெரியவளுக்குச் சளி பிடித்தது. சளியோடு ஆழத்துக்குப் போனால் காது தாங்காது. போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அன்று பார்த்து, சுவருக்கு முன்னால் புள்ளிபுள்ளியாகப் பெரிய திமிங்கலச் சுறா ஒன்று மிதந்து வந்திருக்கிறது. பெரியவள் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அங்கே அதைப் பார்த்ததில்லை. விருந்தாளி ஒருவர் சின்னவளையும் சுறாவையும் சேர்த்துப் படம் பிடித்துவிட்டார். சளி தீர்ந்து கடைக்கு வந்த பெரியவள், அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்தாள். மாட்டியது வேறு யாருமில்லை, அவள் கணவன்.

"இது எதுக்கு இங்க?"

"வர்றவங்க பார்க்கட்டும்னுதான். நல்லா வந்திருக்குல்ல?"

"நான் எத்தனை வருஷமா இறங்குறேன்? என் படம் ஒண்ணாவது மாட்டினீங்களா?"

"நீதான் எப்பவும் முன்னாடி போறியே. பின்னாடி வர்றவங்க எடுத்தா உன் காலுதானே விழும்?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். பெரியவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசின. மறுபக்கம் சின்னவளும் பதிலுக்கு ஒரு மூடியை 'டங்'கென்று வைத்தாள். தெரியாமல் வைத்தாளோ தெரிந்து வைத்தாளோ, பெரியவள் அதையும் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் இருவருமாக ஆறு விருந்தாளிகளைச் சுவருக்குக் கூட்டிப் போனார்கள். முன்னால் பெரியவள், கடைசியில் சின்னவள். முப்பது மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது கடையின் சட்டம். அதற்குக் கீழே போகப் போகக் காற்றே தலைக்கு ஏறும். குடித்தவனைப் போல ஆளைக் கிறங்கடித்துவிடும். இதை விருந்தாளிகளுக்குத் தினமும் படித்துப் படித்துச் சொல்கிறவளே பெரியவள்தான்.

எல்லையை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தபோது, கீழே நீலத்தில் ஒரு பெரிய கறுப்பு நிழல் மெல்ல அசைவதை அவள் பார்த்தாள். திமிங்கலச் சுறா! இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. அவள் விருந்தாளிகளை மறந்தாள், சட்டத்தை மறந்தாள். தலைகுப்புறத் திரும்பி, காலை உதைத்து இறங்கினாள்.

நிழல் கிட்டே வந்தது. சுறாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அடை அடையாகத் திரண்டு நின்ற பாரை மீன் கூட்டம். அவளைக் கண்டதும் சிதறி ஓடியது. சாதாரணமாக இருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும். இப்போது சிரிப்பு வந்தது. உடம்பு பஞ்சாகியிருந்தது. சுவர்ப் பொந்திலிருந்து எட்டிப் பார்த்த விலாங்கு ஒன்று தன்னை விசாரிப்பது போலிருந்தது. அதற்குத் தலையாட்டிப் பதில் சொன்னாள். இன்னும் கொஞ்சம் கீழே போனால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்?

டங். டங். டங்.

மேலிருந்து சத்தம் வந்தது. விருந்தாளிகளை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்கிவர முடியாத சின்னவள், இரும்புக் கம்பியால் தன் சிலிண்டரை விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். கிறங்கிக் கிடந்த பெரியவளின் மண்டைக்குள் அது வேறு மாதிரி விழுந்தது. 'பாத்திரத்தை உருட்டுறா! என்கிட்டயே பாத்திரத்தை உருட்டுறா!' என்று ஆத்திரம் பொங்கியது. இன்று இவளை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவெடுத்து, சண்டை போடுவதற்காகவே மேலே ஏறத் தொடங்கினாள்.

ஏற ஏறத் தலை தெளிந்தது. எங்கே போயிருந்தோம் என்பது புரிந்தது. மீட்டரைப் பார்த்தாள். முள் சிவப்புக்குள் நன்றாகவே போயிருந்தது. மேலே போகும் முன், ஆழத்தில் உடம்பில் ஏறிய காற்று இறங்குவதற்காகப் படகுக்கு அடியில் சற்று நேரம் நின்றே ஆக வேண்டும். அதற்குக் காற்று போதாது.

சின்னவள் எதுவும் கேட்கவில்லை. கிட்டே வந்து, தன் சிலிண்டரின் உபரிக் குழாயை எடுத்து நீட்டினாள். பெரியவள் வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள். படகிலிருந்து இறங்கிய கயிற்றைப் பிடித்தபடி இருவரும் முகத்துக்கு முகம் தொங்கினார்கள். எந்தக் காற்றைப் பார்த்து இத்தனை நாள் வெந்தாளோ, அந்தக் காற்றையே உறிஞ்சுகிற ஒவ்வொரு மூச்சும் அவளுக்குக் கசந்தது.

படகில் ஏறியதும், "என்ன ஆச்சு?" என்று கணவன் பதறினான்.

"கீழ நீரோட்டம் இழுத்துடுச்சு மாமா" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குச் சுரீரென்றது. இவளிடம் காற்றையும் வாங்கி, பொய்யையும் வாங்குவதா?

"நீரோட்டமும் இல்ல, மண்ணும் இல்ல. நானாத்தான் இறங்கினேன். சுறான்னு நினைச்சேன்."

விருந்தாளிகள் வேறு பக்கம் பார்த்தார்கள். கணவன் கத்தவில்லை. கரைக்கு வந்த பிறகு, "ஒரு வாரம் தண்ணியில கால வைக்காத" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு அவளுடைய சிலிண்டரைத் தானே சுமந்துகொண்டு போனான்.

அந்த வாரம் சின்னவள்தான் முன்னால் போனாள். பெரியவள் படகில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்தாள். கடைசி நாள் கொல்லைத் தொட்டியில் இருவரும் நீச்சல் உடைகளை அலசிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டாள்.

"எப்படிம்மா அவ்வளவு கம்மியா மூச்சு விடுற?"

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"வந்த புதுசுல நீங்க என்னையே முறைச்சுப் பார்ப்பீங்க. சத்தமா மூச்சு விட்டாக்கூடத் திட்டுவீங்களோன்னு பயந்து, இருக்கிற இடம் தெரியாம விட்டு விட்டுப் பழகிட்டேன்."

"அப்போ எல்லாம் என்னாலதான்ற?"

"ஆமா. எனக்கும் உங்கமேல வயித்தெரிச்சல்தான் அக்கா."

பெரியவள் உடையைப் பிழிவதை நிறுத்தினாள். "எதுக்கு?"

"நீங்க உள்ள இருந்தா மாமா பச்சத் தண்ணிகூடக் குடிக்காம குமிழியையே பார்த்துட்டு இருக்காரு. நான் உள்ள இருந்தா என் வீட்டுக்காரர் கம்ப்ரசர் பக்கத்துல வாயைப் பொளந்துட்டுத் தூங்குறாரு. அந்தச் சத்தத்துலயும் எப்படித்தான் தூக்கம் வருதோ!"

பெரியவளுக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்றது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தொட்டித் தண்ணீர் சிதறச் சிரித்தாள். சின்னவளும் சேர்ந்துகொண்டாள். இப்படி ஒன்றுக்காகத் தன்னைப் பார்த்து ஒருத்தி எரிகிறாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அதோடு பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. மறு வருடம் கடைக்கு இரண்டாவது படகு வந்தது. அதைத் தம்பி ஓட்ட, சின்னவள் தனியாக விருந்தாளிகளைக் கூட்டிப் போனாள். முதல் நாள் இரண்டு படகும் சேர்ந்து சுவரை நோக்கிக் கிளம்பின. சற்றுத் தூரம் போனதும் பெரியவள் கணவனின் முதுகைத் தட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போங்க."

"எதுக்கு அவசரம்? சுவர் எங்க ஓடிடப் போகுது?"

"பேசாம ஓட்டுங்க" என்றாள் பெரியவள். பக்கத்துப் படகில் சின்னவள் தன் புருஷனின் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள்.